உங்கு அஜீஸும் தோட்டத் துண்டாடலும்: ஒரு பொருளியல் புலமுதல்வரின் வாழ்வும் பணியும்



மொழிப் பேரவையின் மேடையில் பொருளியல் அறிஞர் ஒருவரின் வாழ்வைப் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அவர் தமிழரும் அல்லர். ஜொகூர் அரச குடும்பத்தில் தோன்றிய மலாய்ப் பெருமகனார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் புலத்தின் முதல்வராக விளங்கி, பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 20 ஆண்டுகள் பணியாற்றியவர். அரசப் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் என்னும் அப்பெரியாரை நாம் இன்று நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு. நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அந்த விற்பனையால் யார் பெற்றார், யார் இழந்தார் என்று முறையாக ஆராய்ந்து எழுதி வைத்தவர் அவர்.

நெகிரி செம்பிலானில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இங்குப் பயிலும் மாணவர்களுக்கும் இச்செய்தி தொலைவான வரலாறு அன்று. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், ரொம்பின், கெமெஞ்சே, போர்ட்டிக்சன் எனத் திசைதோறும் தோட்டங்களாலேயே நம் சமுதாயம் இம்மாநிலத்தில் வேரூன்றியது. பிராட்வால், லின்சம், ஆத்தர்டன், செயின்ட் ஹீலியர், கெர்பி, மிடில்டன், கெடீஸ் என்னும் தோட்டப் பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பெயர் நிலைத்திருக்கிறது, தோட்டம் எங்கெங்கே நிலைத்திருக்கிறது என்னும் வினாவை இவ்வுரையின் இறுதியில் எடுத்துக்கொள்வோம்.

வாழ்க்கைக் குறிப்பு

உங்கு அஜீஸ் 1922ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். சிங்கப்பூரில் இராபிள்ஸ் கல்லூரியிலும், 1949இல் அங்கு உருவான மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1951இல் பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சில காலம் ஜொகூர் மாநில அரசுப் பணியில் இருந்தபின், பல்கலைக்கழக விரிவுரையாளரானார். பின்னாளில் தோக்கியோ நகரின் வசேடா பல்கலைக்கழகம் 1964இல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

மொழிப்பணியில் ஈடுபட்டோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மலாய் மொழி வளர்ச்சிக்காக 1956இல் ஜொகூர் பாருவில் நிறுவப்பட்ட டேவான் பகாசா டான் புஸ்தாகாவுக்கு அதன் தொடக்கக் காலத்தில் இயக்குநராக இருந்தவரும் அவரே. பொருளியலும் மொழியும் வெவ்வேறு உலகங்கள் என்று அவர் எண்ணியதில்லை. முதுமையிலும் மலாய்ப் பந்துன் பாடல்களைத் திரட்டி, அவற்றில் பொதிந்துள்ள மக்களின் அறிவாற்றலை ஆராய்ந்து நூல் எழுதினார்.

கோலாலம்பூர் வளாகம் 1962இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குப் பொருளியல் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் உங்கு அஜீஸ் முதன்மையானவர். துறைத் தலைவராகவும் புலமுதல்வராகவும் அவர் உருவாக்கிய மரபிலிருந்தே பொருளியல், நிர்வாகவியல் புலம் வளர்ந்தது. வணிக நிர்வாகமும் கணக்கியலும் நெடுங்காலம் அப்புலத்தின் கிளைகளாகவே இருந்து, 1997இல்தான் தனிப் புலமாயின. ஆகவே இன்று நாம் வணிகப் பள்ளி என்று அழைக்கும் கல்விக்கும் நம் நாட்டில் அவரது காலமே தொடக்கம் எனலாம்.

1968இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் அவர். 1988 வரை அப்பதவியில் இருந்தார். 1978இல் அரசப் பேராசிரியர் என்னும் உயர் சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள், தம் 98ஆம் வயதில் இயற்கை எய்தினார். மலேசிய நடுவண் வங்கியின் ஆளுநராக 2000 முதல் 2016 வரை பணியாற்றிய டாக்டர் செத்தி அக்தார் அஜீஸ் அவருடைய மகளார்.

பொருளியல் அல்லது வணிகவியல் கற்பித்தவர் பல்கலைக்கழகத் தலைமையை ஏற்பது உலகில் பிற இடங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில், சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேசையா 1975இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். நம் காலத்தில், ஷிகாகோவின் பூத் வணிகப் பள்ளி முதல்வராக இருந்த, இந்தியாவில் பிறந்த சுனில் குமார், 2023இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவரானார். இத்தகையோரின் பதவிப் பட்டியலை அறிவதால் மட்டும் மாணவர்க்குப் பயன் விளையாது. புலமுதல்வர் ஒருவர் தம் கல்வியை எந்த மக்களின் வாழ்வை அறியப் பயன்படுத்தினார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. உங்கு அஜீஸைப் பொறுத்தவரை, அக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று நம் தோட்டங்களில் இருக்கிறது.

துண்டாடல் என்றால் என்ன?

மலாயாவின் புள்ளிவிவர வழக்கில் 100 ஏக்கருக்குக் குறையாத நிலப்பரப்பே தோட்டம் எனப்பட்டது. அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். இப்பகுப்பு வெறும் அளவைப் பற்றியதாகத் தோன்றினும், தொழிலாளியின் வாழ்வு முழுவதும் இதில் அடங்கியிருந்தது. தோட்டம் என்றால் லயம் உண்டு. குடிநீர்க் குழாயோ கிணறோ உண்டு. மருந்தகம், ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளி உண்டு. நெகிரி செம்பிலானும் இடம்பெற்றிருந்த ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருந்தாலே அத்தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றின் தோற்றத்திற்கு அச்சட்டமே காரணம். பள்ளியின் தரம் எவ்வாறிருந்தாலும், அது இருந்தது.

1950களில் நிலைமை மாறியது. கொரியப் போரின்போது உயர்ந்த இரப்பர் விலை நிலத்தின் விலையையும் உயர்த்தியிருந்தது. நாடு விடுதலை பெறப்போகிறது என்னும் நிலையில் ஐரோப்பிய உடைமையாளர் சிலர் தம் முதலீட்டைத் திரும்ப எடுத்துச் செல்ல விரும்பினர். பல தோட்டங்களில் மரங்களும் முதிர்ந்திருந்தன. முதிர்ந்த மரத்தை அழித்து மறுநடவு செய்தால், புதுமரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு உண்டு, வரவு இல்லை. விற்றுவிடுவதே எளிதாகத் தோன்றியது.

வாங்கியவர் யார்? பெரும்பாலும் இடைத்தரகர் குழுக்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை ஒரே நிலமாக வாங்க வல்லவர் மிகச் சிலரே. ஆதலால் மொத்த விலையில் ஏக்கர்க் கணக்கு மலிவாக அமையும். அதையே பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்தால் வாங்குவோர் பலர் வருவர். ஏக்கர் விலை உயரும். இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகையே தரகரின் ஆதாயம். அவர் ஒரு மரமும் நடவில்லை. ஒரு மங்குப் பாலும் எடுக்கவில்லை. சில திங்களில் நிலம் கைமாறியது. ஆதாயம் கைக்கு வந்தது.

பத்து ஏக்கர் வாங்கியவர் பெரும்பாலும் தம் குடும்பத்தோடு தாமே பால் வெட்டினார். ஆட்களை அமர்த்தினாலும் ஒருவரையோ இருவரையோதான் அமர்த்தினார். எனவே பழைய தொழிலாளிக்கு வேலை இல்லை. வேலை இல்லையேல் லயத்தில் வீடு இல்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. கணவன், மனைவி இருவரும் ஒரே பெரட்டில் நின்ற குடும்பத்திற்கு இரு கூலியும் ஒரே நாளில் நின்றன. மருந்தகத்திற்கும் ஆயாக்கொட்டகைக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. நிலம் இருபது முப்பது பேர் கைக்குப் போனபின், தோட்டத்துக்குரிய கடமைகளை யாரிடம் சென்று கேட்பது? குடும்பங்கள் சிதறப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர்.

நிலத்தை வாங்கியிருந்தால் தொழிலாளியும் உடைமையாளன் ஆகியிருக்கலாமே என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் நாட்கூலியில் வாழ்ந்தவரிடம் சேமிப்பு இல்லை. வங்கிக் கடனுக்கு ஈடு வைக்க நிலம் இல்லை. பலரிடம் குடியுரிமையும் இல்லை. தலைமுறையாகத் தாம் வளர்த்த மரங்களைத் தாமே வாங்க இயலாதவராய் அவர்கள் நின்றனர்.

1962ஆம் ஆண்டு ஆய்வு

இச்சூழலில்தான் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை உங்கு அஜீஸ் தலைமையில் இச்சிக்கலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 1951 முதல் 1960 வரையிலான பத்தாண்டுகளில் மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றிய அவ்வாய்வு, 1962இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அவ்வாய்வின் சிறப்பை உணர, அதற்கு முன் நடந்த விவாதத்தின் தன்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கத்தார் துண்டாடலைக் கொடுமை என்றனர். நில விற்பனையை ஆதரித்தோர், அந்நியரிடமிருந்த நிலம் உள்நாட்டினர் கைக்கு வருகிறது, சிறு உடைமையாளர் பெருகுகின்றனர், இது நன்மையே என்றனர். இரு சாராரும் தத்தம் நியாயத்தைப் பேசினர். எத்தனை ஏக்கர் எவ்வாறு கைமாறியது, மறுநடவு நடந்ததா, விளைச்சல் உயர்ந்ததா குறைந்ததா, வேலை இழந்தவர் எங்கே போயினர் என்பவற்றுக்கு மெய்யான கணக்குத் தேவைப்பட்டது. அக்கணக்கைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை என்று உங்கு அஜீஸ் கருதினார்.

ஆய்வின் முடிவு தெளிவாக இருந்தது. துண்டாடல் தொழிலாளரின் வேலையையும் வாழ்க்கை வசதிகளையும் குலைத்தது. மறுநடவும் விளைச்சலும் பாதிக்கப்பட்டன. நாட்டின் பொருளாதாரத்திற்கும் அது தீங்கு. ஆகவே அரசு அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே ஆய்வு காட்டிய திசை. இரக்கத்தின் மொழியில் சொல்லப்பட்டுவந்த ஒன்று இப்போது ஏக்கராகவும் ஆளாகவும் எண்ணப்பட்டு அரசின் முன் நின்றது.

எனினும் சான்று கிடைத்த உடனே சட்டம் வந்துவிடவில்லை. துண்டாடல் 1960களிலும் தொடர்ந்தது. பின்னாளில்தான் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமெனில் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை என்பது அதன் சாரம். 100 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40 ஹெக்டேர் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய தோட்ட வரையறையே சட்டத்தின் எல்லைக்கோடாக அமைந்திருப்பது புலப்படும். ஆனால் அதற்குள் எத்தனையோ லயங்கள் காலியாகிவிட்டன.

பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

சான்று ஒருபுறம் திரண்டுகொண்டிருந்தபோது, மறுபுறம் தொழிலாளர் தம் கைப்பொருளைத் திரட்டினர். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்கலாம் என்று தோட்டந்தோறும் சென்று எடுத்துரைத்தார். துண்டாடப்படும் நிலையிலிருக்கும் தோட்டத்தைத் தொழிலாளரின் பணத்தால் முழுமையாக வாங்கி, துண்டாடாமல் நடத்துவதே நோக்கம். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று.

இதே காலத்தில் தொழிற்சங்க இயக்கமும் வளர்ந்திருந்தது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். அச்சங்கத்தின் முயற்சியால் 1970களில் பகாவ் வட்டாரத்தில் காட்கோ நிலத்திட்டம் தோன்றியது. தொழிலாளியை நிலவுடைமையாளன் ஆக்க வேண்டும் என்னும் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் கரும்புப் பயிரோடு தொடங்கிய அத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பிற்காலத்தில் நில உரிமை பற்றிய பூசல் நீதிமன்றம் வரை சென்றது. நல்ல நோக்கத்துக்குத் துணையாகத் தெளிவான கணக்கும் உறுதியான நிலப்பத்திரமும் வேண்டும் என்பதை இம்மாநில மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது.

உங்கு அஜீஸும் கூட்டுறவையே ஏழையின் கருவியாகக் கண்டார். 1959இல் அவர் எழுதிய திட்டக் கட்டுரை ஒன்று, ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திரும்பி வந்தபின் வறுமையில் வாடிய சிற்றூர் மக்களைப் பற்றியது. அதிலிருந்து பிறந்த சேமிப்பு நிறுவனமே 1963இல் செயல்படத் தொடங்கி, இன்று தாபோங் ஹாஜி என்று வழங்குகிறது. 1971இல் தோன்றிய அங்காசா என்னும் தேசியக் கூட்டுறவு அமைப்பை அவர் நெடுங்காலம் தலைமையேற்று நடத்தினார். இன்று நம் பள்ளிகளில் மாணவரே பங்குதாரராக இருக்கும் பள்ளிக் கூட்டுறவுக் கழகங்கள் பரவவும் அவரது ஊக்கம் காரணமாயிற்று. மலேசியக் கூட்டுறவுத் தந்தை என்று அவர் போற்றப்படுவது இதனால்தான்.

வறுமைக்கு அவர் கூறிய காரணங்கள்

1964இல் வெளியிட்ட கட்டுரையில், நாட்டுப்புற வறுமைக்கு மூன்று காரணங்களை அவர் சுட்டினார். குறைந்த உற்பத்தித் திறன், சுரண்டல், புறக்கணிப்பு என்பன அவை. ஏழை சோம்பேறியாதலால் ஏழையானான் என்னும் குடியேற்ற ஆட்சிக்காலப் பேச்சுக்கு இது மறுமொழியாக அமைந்தது. சிற்றூரில் விளைபொருளை வாங்குபவரும், அரிசியை விற்பவரும், கடன் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், உழைப்பவன் எவ்வளவு உழைத்தாலும் மிஞ்சாது என்று அவர் விளக்கினார்.

வறுமையை அளக்க அவர் பயன்படுத்திய அளவுகோல் புகழ்பெற்றது. ஒரு வீட்டிலுள்ள கைலிகளின் எண்ணிக்கையை, அவ்வீட்டில் ஒரு வயதைக் கடந்தோரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது அது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் கூலியாளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போகலாம். சொல்லக் கூசவும் கூடும். கொடியில் காயும் துணியை எண்ணிவிடலாம். மாற்றுத் துணி இல்லாதவர் நிலையை அது ஒளிக்காமல் காட்டும். உயர்ந்த கல்வி கற்றவர், எளியவர் வீட்டு வாசலுக்குச் சென்று, அவருடைய வாழ்விலிருந்தே அளவுகோலை எடுத்தார் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

துணைவேந்தர்

துணைவேந்தராக அவர் இருந்த 20 ஆண்டுகள் அமைதியானவை அல்ல. பொறுப்பேற்ற மறு ஆண்டே 1969ஆம் ஆண்டு மே 13 கலவரம் நிகழ்ந்தது. 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974இன் இறுதியில் இரப்பர் விலை வீழ்ந்து பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர் பசியால் வாடியபோது, மாணவர் கோலாலம்பூரில் திரண்டனர். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் உசேன் அலி உள்ளிட்டோர் கைதாயினர். அடுத்த ஆண்டு அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. நாட்டுப்புற வறுமையைப் பற்றி எழுதி மாணவரை எழுப்பிய அறிஞர், அவ்வறுமைக்காக மாணவர் வீதியில் இறங்கியபோது நிறுவனத்தின் தலைவராக இருந்தார். புலமுதல்வருக்குரிய உரிமையும் துணைவேந்தருக்குரிய பொறுப்பும் ஒன்றாக இருப்பதில்லை. அவரைப் போற்றும்போது இவ்விடரையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

அவர் காலத்தில் பல்கலைக்கழகம் மலாய்மொழிவழிக் கல்விக்கு மாறியது. நாட்டுப்புற மாணவர் அறிவியல் பட்டப்படிப்பில் சேர வழிசெய்யும் அறிவியல் அடித்தளக் கல்வி மையம் உருவாயிற்று. ரிம்பா இல்மு என்னும் தாவரவியல் பூங்காவும் ஆசியக் கலை அருங்காட்சியகமும் 1974இல் தோன்றின. அங்கு இந்திய ஆய்வியல் துறையும், தனிநாயக அடிகள் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டி அமைத்த மரபும் இருந்தன. 1987இல் ஆறாம் மாநாடு மீண்டும் இந்நகரில் நடந்தபோது உங்கு அஜீஸே துணைவேந்தராக இருந்தார்.

தோட்டம் விடுபட்ட இடம்

இங்கு ஒரு கசப்பான கேள்வி எழுகிறது. 1962இல் தோட்டத்தின் துயரம் எழுத்தில் வந்துவிட்டது. சிற்றூர் வறுமைக்குத் தாபோங் ஹாஜி போலவும், குடியேற்றத் திட்டங்கள் போலவும் நிறுவனங்கள் எழுந்தன. தோட்டத் தொழிலாளிக்கு நிகரான அரசு நிறுவனம் எழுந்ததா?

எழவில்லை என்றே சொல்ல வேண்டும். தோட்டம் தனியார் நிலம் எனக் கருதப்பட்டதால், சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைக் கொணர்ந்த ஊரக வளர்ச்சித் திட்டங்கள் நெடுங்காலம் தோட்ட வாயிலிலேயே நின்றுவிட்டன. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுப் பலர் கப்பலேறினர். உங்கு அஜீஸ் சுட்டிய மூன்று காரணங்களுள் புறக்கணிப்பு என்னும் சொல்லுக்கு நம் தோட்டங்களைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

பின்னர் இரண்டாம் பெயர்வு வந்தது. இரப்பர் செம்பனையாக மாறியது. பல இடங்களில் செம்பனையும் வீடமைப்பு நிலமாக மாறியது. நீலாய், லாபு, செண்டாயான், சிரம்பான் 2 ஆகிய பகுதிகளில் இன்று எழுந்துள்ள குடியிருப்புகளின் அடியில் தோட்டங்கள் உள்ளன. முதல் பெயர்வுக்கு, குறைகள் இருந்தாலும், மூன்று தொகுதி ஆய்வு உண்டு. இரண்டாம் பெயர்வுக்கு நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் முதியோரின் நினைவுகளே. அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

நம் பள்ளிகள் செய்யத்தக்கது

கணக்கெடுக்கப் பல்கலைக்கழகம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் மண்ணிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவரை அவரவர் ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி மாணவர் எழுதியவை 1918இல் நூலாயின. அவ்வூர்களுக்கு ஆய்வாளர் மீண்டும் மீண்டும் சென்று, தலைமுறை தலைமுறையாக மாற்றத்தை அளந்துவருகின்றனர். மாணவரின் குறிப்பேடு அதற்கு அடிப்படையாயிற்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் பெயரிலுள்ள தோட்டத்துக்கு ஒரு குறிப்பேடு தொடங்கலாம். தோட்டத்தின் பரப்பு எவ்வளவு, உடைமை யார் யாரிடம் எந்த ஆண்டில் மாறியது, இரப்பர் எப்போது செம்பனையாயிற்று, லயங்கள் எத்தனை இருந்தன, கோயிலும் ஆயாக்கொட்டகையும் எங்கிருந்தன, குடும்பங்கள் எங்கே குடிபெயர்ந்தன என்று எழுதலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடே விலைமதிப்பற்ற சான்று. ஆண்டுதோறும் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கினால், தோட்டம் தேய்ந்த ஆண்டு தானே தெரியும். பிள்ளைகளின் தனி விவரங்களை வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் போதும். அது கணிதப் பாடமும் ஆகும்.

மொழிப் பாடத்துக்கும் இதில் இடமுண்டு. பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், தவரணை போன்ற சொற்கள் தோட்ட வாழ்வோடு பிறந்தவை. அத்தொழிலைச் செய்தவரிடம் கேட்டு, பொருளும் பயன்படுத்திய சூழலும் சேர்த்து எழுதி வைத்தால், சொல்லும் நிலைக்கும். அச்சொல்லுக்கு உரிய உழைப்பும் நினைவில் நிற்கும். ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல், இருவர் மூவரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும் என்பதை மாணவர் மறக்கலாகாது. ஆண்டு தெரியாதபோது ஊகித்து எழுதாமல் இடம்விட்டு வைக்க வேண்டும். ஆய்வின் ஒழுக்கம் அதுவே.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை வணிகவியலும் பொருளியலும் பயில்வீர்கள். சிலர் பேராசிரியராகவும் புலமுதல்வராகவும், ஏன், துணைவேந்தராகவும் உயர்வீர்கள். அவ்வுயர்வை நாம் மனமார விரும்புகிறோம். அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர், லயத்து மனிதரின் இழப்பையும் நாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கருதினார். லயத்தில் வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அக்கடமை இன்னும் நெருக்கமானது. பள்ளியின் பதிவேடும் ஒரு புதிய குறிப்பேடும் இப்பணியைத் தொடங்கப் போதும். வரும் பள்ளித் தவணையிலேயே தொடங்குவோம்.